கெண்டை மீனின் மீசையை எண்ணிய டாக்டர்

ஐப்பசி மாதம் மழை கொட்டுகிறது. வளவனூர் ஏரி நிரம்பிக் கலங்கலில் தண்ணீர் வழிகிறது. அந்தத் தண்ணீரை எதிர்த்துக் கெண்டை மீன்கள் துள்ளி ஏறுகின்றன. சிறுவர்கள் துண்டை விரித்துக்கொண்டு ஓடுகிறார்கள்.

பிடித்த கெண்டையைக் கையில் வைத்து உற்றுப் பாருங்கள். சில கெண்டைக்கு வாய் ஓரத்தில் நூல் போல மீசை இருக்கும். சிலவற்றுக்கு நாலு மீசை. சிலவற்றுக்கு இரண்டு. சிலவற்றுக்கு ஒன்றுமே இராது.

குழம்பு வைக்கும் நமக்கு இது ஒரு பொருட்டல்ல. ஆனால் இந்த மீசையை எண்ணுவதிலேயே ஒருவர் பல ஆண்டுகளைச் செலவிட்டார். அவர்தான் டாக்டர் பிரான்சிஸ் டே.

பட்டாள டாக்டர்

பிரான்சிஸ் டே 1829-ம் ஆண்டு இங்கிலாந்தில் சஸ்ஸெக்ஸ் பகுதியில் பிறந்தார். லண்டனில் வைத்தியம் படித்தார். 1852-ல் சென்னைப் பட்டாளத்தில் டாக்டர் வேலைக்குச் சேர்ந்து கப்பல் ஏறினார்.

பர்மாவில் அப்போது சண்டை நடந்துகொண்டிருந்தது. அங்கே பணி செய்துவிட்டுத் தென்னாட்டுக்கு வந்தார். கொச்சியில் டாக்டராக இருந்தபோது மீன்கள் மீது அவர் கவனம் திரும்பியது. காலையில் நோயாளிகள், மற்ற நேரத்தில் மீன்கள். ஆற்றிலும் கடலிலும் கிடைத்த மீன்களையெல்லாம் சாராயப் புட்டியில் போட்டுப் பாதுகாத்தார்.

1865-ல் மலபார் மீன்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதே ஆண்டில், திருவாங்கூர் மலையடிவாரத்தில் முண்டக்கயத்தில் கிடைத்த ஓர் அழகிய மீனை உலகுக்கு அறிவித்தார். அதன் உடலில் கறுப்புக் கோடு. அதற்கு மேலே சிவப்புக் கோடு. சென்னைக் கவர்னராக இருந்த டெனிசனின் பெயரை அதற்கு வைத்தார்.

அணையும் உல்ல மீனும்

அந்த நாளில் ஒரு பெரிய கேள்வி எழுந்தது. ஆறுகளின் குறுக்கே அணை கட்டினால் மீன்கள் என்னவாகும்?

கேட்டவர் யார் தெரியுமா? சர் ஆர்தர் காட்டன்! 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணையைக் கட்டிய அதே என்ஜினீயர்தான். அணையால் வயல் விளைந்தது. ஆனால் கடலிலிருந்து ஆற்றுக்குள் ஏறி முட்டையிடும் உல்ல மீனுக்கு வழி அடைபட்டது. தாம் செய்த வேலையால் தீங்கு நேருமோ என்று கேட்க அவர் தயங்கவில்லை.

இதை விசாரிக்கும் பொறுப்பு டேயிடம் வந்தது. அவர் ஆறு ஆறாகச் சென்றார். அணைகளைப் பார்த்தார். மீன் ஏறிச் செல்ல அணையில் தனி வழி விட வேண்டும் என்றார். 1871-ல் இந்தியா முழுமைக்கும் மீன்வளத் தலைமை அதிகாரி ஆனார்.

1873-ல் பெரிய அறிக்கை ஒன்று தந்தார். கொசுவலை போன்ற வலையால் குஞ்சுகளை வாரக் கூடாது. நீரில் நஞ்சு கலந்து மீன் பிடிக்கக் கூடாது. இன்று குஞ்சை அழித்தால் நாளை ஏழையின் சட்டியில் மீன் இராது — இதுவே அதன் சாரம்.

அவர் வாழ்நாளில் நாடு முழுமைக்குமான சட்டம் வரவில்லை. அவர் இறந்து 8 ஆண்டு கழித்து, 1897-ல்தான் வந்தது. வெடி வைப்பதையும் நஞ்சு கலப்பதையும் அது தடுத்தது.

கடல் கடந்த புட்டிகள்

1875 முதல் 1878 வரை இந்திய மீன்களைப் பற்றிய அவருடைய பெருநூல் பகுதி பகுதியாக வெளிவந்தது. அதில் கெண்டை வகைகளை அவர் ஒரே பேரினத்தில் சேர்த்தார். அதன் பெயர் பார்பஸ். பிறகு மீசையை எண்ணி அதை மூன்று பிரிவாக்கினார். நாலு மீசை உள்ளவை ஒன்று, இரண்டு உள்ளவை ஒன்று, மீசையே இல்லாதவை ஒன்று. மூன்றாவது பிரிவின் பெயர் புண்டியஸ். அது 1822-ல் ஹாமில்டன் என்ற மற்றொரு டாக்டர் வங்காளிகள் வழங்கும் பெயரிலிருந்து எடுத்து வைத்தது.

லண்டன் பொருட்காட்சிசாலையில் மீன்களுக்குப் பெரிய அதிகாரியாக இருந்தவர் குந்தர். அவருக்கும் டேக்கும் ஒத்துப்போகவில்லை. ஒருவர் எழுதியதை மற்றவர் குறை கூறினார். பகை முற்றியது. கடைசியில், தாம் அரும்பாடுபட்டுச் சேர்த்த மீன்களில் பெரும் பகுதியை 1883-ல் ஆஸ்திரேலியாவில் உள்ள சிட்னி பொருட்காட்சிசாலைக்கு விற்றுவிட்டார் டே.

இருவர் சண்டை. நஷ்டம் யாருக்கு? நமக்குத்தான்! ஒரு மீனுக்கு முதன்முதலில் பெயர் வைத்தபோது பார்த்த அந்த மீனே பிற்காலத்தார்க்குச் சாட்சி. நம் ஆற்று மீன்கள் பலவற்றின் சாட்சி இன்று சிட்னியில் இருக்கிறது.

1889-ல் அவருடைய கடைசிப் பெரிய நூல் வெளிவந்தது. 1,400-க்கு மேற்பட்ட மீன்கள் அதில் உள்ளன. அதே ஆண்டு ஜூலை மாதம், புற்றுநோயால் அவர் காலமானார். வயது 60.

இன்று

மீசையை மட்டும் நம்பியது சரிதானா? சரியல்ல என்று பின்னால் தெரிந்தது. 2012-ல் இலங்கை விஞ்ஞானி ரோஹான் பெத்தியகொடவும் அவருடைய தோழர்களும் எலும்பு, வாய், துடுப்பு, மரபணு எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மீசை இல்லாத மீன்கள் சில பிரிந்து வேறு பேரினத்துக்குப் போயின. மீசை உள்ள சில மீன்கள் மீசை இல்லாதவற்றோடு ஒன்றாய் நின்றன. டெனிசன் பெயர் கொண்ட மீன் 2013-ல் சஹ்யாத்ரியா என்ற புதுப் பேரினத்துக்கு மாறியது. சஹ்யாத்ரி என்பது மேற்குத் தொடர்ச்சி மலையின் பெயர்.

கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பதற்காக அளவுக்கு மீறிப் பிடித்ததால், அந்த மீன் இன்று அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் வரிசையில் இருக்கிறது. டே எழுதிவைத்த பிரிவு மாறிவிட்டது. அவர் செய்த எச்சரிக்கை மாறவில்லை.

அடுத்த மழைக்குக் கலங்கலில் கெண்டை ஏறும்போது, உங்கள் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள். மீசையை எண்ணச் சொல்லுங்கள். விரல் நீளம்கூட வளராத குஞ்சு கையில் வந்தால், திரும்பத் தண்ணீரில் விடச் சொல்லுங்கள்.