ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ்

இரும்புக் குழாயினுள் ஓடும் நீர் எவ்வாறு ஓடுகின்றது என்பதைக் கண்ணாற் காண இயலாது. அதனைக் காண வழி கண்டவர் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் என்னும் பொறியியல் அறிஞர். அவர் 1842-ஆம் ஆண்டு பெல்பாஸ்ட் நகரிற் பிறந்தார். தந்தையார் சமயகுரு; பள்ளித் தலைமையாசிரியராகவும் விளங்கியவர்; பொறிகளில் ஆர்வம் மிக்கவர். ரெனால்ட்ஸ் முதலில் ஒரு பொறித்தொழிலகத்தில் வேலை பயின்றார். பின்னர்க் கேம்பிரிட்ஜிற் கணிதம் கற்று, 1868-இல் மாஞ்செஸ்டர் ஓவன்ஸ் கல்லூரியிற் பேராசிரியரானார். அப்பொழுது அவருக்கு வயது 25. அவருடைய விரிவுரைகள் மாணவர்க்கு எளிதில் விளங்கவில்லை என்பர். ஆயினும், எலெக்ட்ரானைக் கண்டறிந்த ஜே. ஜே. தாம்சன் அவரிடம் பயின்றவரே.

அக்காலத்தில் ஆலைகளை இயக்கியது நீராவி. கொதிகலத்தின் சூடான தகட்டினின்று வெப்பம் நீருக்குள் எங்ஙனம் செல்கின்றது என்னும் வினா அவர் உள்ளத்தைப் பற்றியது. நீரிற் சுழல்கள் எழுந்து கலக்குவதே வெப்பத்தை விரைந்து ஏந்திச் செல்வதற்குக் காரணம் என்று 1874-இல் விளக்கினார்.

அச்சுழல்கள் எப்பொழுது எழுகின்றன? இதனை அறிய, நீர் நிறைந்த தொட்டியொன்றில் நீண்ட கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். அதன் வாயில் வண்ணநீரை மெல்லிய இழையாக விடுத்தார். நீர் மெல்ல ஓடியபொழுது அவ்விழை இழுத்துக் கட்டிய நூல்போல் நேராகச் சென்றது. விரைவு ஓர் எல்லையைக் கடந்ததும் இழை திடீரெனச் சிதைந்து, குழாய் முழுவதும் வண்ணம் பரவியது. மின்பொறியின் நொடிநேர ஒளியிற் பார்த்தபொழுது, அக்கலக்கம் சுருள்சுருளான சுழல்களாகத் தெரிந்தது. விரைவு, குழாயின் விட்டம், நீரின் அடர்த்தி, பாகுநிலை ஆகிய நான்கும் சேர்ந்தே அவ்வெல்லையை வரையறுக்கின்றன என்று 1883-இல் வெளியிட்டார். அவற்றால் அமையும் எண் இன்று ரெனால்ட்ஸ் எண் எனப்படுகின்றது.

1894-இல் அவர் காட்டிய மற்றொரு சோதனை இன்னும் வியப்புடையது. நடுவே குறுகிய குழாயொன்றில் நீரை விரைவாகச் செலுத்தினார். குறுகிய இடத்தில் விரைவு மிகுந்து அழுத்தம் தாழவே, குளிர்ந்த நீரே கொதித்தது! அடுப்பில் உலைநீர் கொதிக்குமுன் எழுவது போன்ற இரைச்சலும் கேட்டது. கொதித்தலுக்கு வெப்பம் மட்டுமன்றி, அழுத்தக் குறைவும் காரணமாகும் என்பது இதனால் விளங்கும்.

1979-ஆம் ஆண்டு மார்ச் 28-ஆம் நாள், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் திரீ மைல் ஐலண்டு அணுஉலையில் இவ்வுண்மை பேரிடராக வெளிப்பட்டது. மூட வேண்டிய வால்வு ஒன்று திறந்தே நின்றது, அழுத்தம் தாழ்ந்தது, குழாய்களில் நீரும் ஆவியும் கலந்து ஓடின. அக்கலவையை ஏற்ற பம்புகள் அதிர்ந்தன. அவை பழுதுறும் என அஞ்சிய பணியாளர் அவற்றை நிறுத்தினர். எரிபொருட் கோல்களை நீர் விட்டு நீங்கியது. வெப்பத்தை வாங்கிச் செல்ல ஆவியால் இயலவில்லை. உலையின் உள்ளகத்திற் பாதியளவு உருகிற்று.

ரெனால்ட்ஸ் உடல்நலம் குன்றி 1905-இல் ஓய்வு பெற்றார். 1912-இல் சாமர்செட்டிலுள்ள வாட்செட் என்னும் கடற்கரை ஊரிற் காலமானார். உலகின் முதல் அணுஉலை இயங்கியது அதற்கு 30 ஆண்டுகளுக்குப் பின்னரே. அவர் வண்ணநீர் விட்டுப் பார்த்த தொட்டி மாஞ்செஸ்டர்ப் பல்கலைக்கழகத்திற் பேணப்பட்டு வருகின்றது.