மக்களிடம் சட்டம் கேட்ட பிரதம நீதியரசர்

மன்னாரில் முதுசக் காணி பற்றியோ சீதனம் பற்றியோ ஒரு வழக்கு எழுமாயின், அதனைக் கையேற்கும் சட்டத்தரணி முதலில் ஆராய்வது தமது கட்சிக்காரர் எச்சமூகத்தவர் என்பதையே. பேசாலையிலும் வங்காலையிலும் வாழும் கத்தோலிக்கத் தமிழருக்கும், திருக்கேதீச்சரத்தை அண்டி வாழும் சைவத் தமிழருக்கும் தேசவழமை. எருக்கலம்பிட்டியிலும் சிலாவத்துறையிலும் வாழும் முஸ்லிம்களுக்கு அவர்தம் மார்க்க வழிவந்த சட்டம். ஒரே கடலில் வலை வீசி ஒரே சந்தையில் மீன் விற்கும் அயலவர்கள், தந்தையின் சொத்தைப் பங்கிடும்போது மட்டும் இருவேறு சட்டங்களுக்கு ஆட்படுகின்றனர். இந்த ஏற்பாட்டின் வேரைத் தேடிச் செல்வோர் சேர் அலெக்ஸாண்டர் ஜோன்ஸ்டன் என்னும் பெயரைக் காணாது திரும்ப இயலாது.

1775 இல் பிறந்த ஜோன்ஸ்டன் ஸ்கொட்லாந்துக் குடும்பமொன்றைச் சேர்ந்தவர். தந்தையார் மதுரையில் பணியாற்றியமையால் அவரது இளமைக்காலம் தென்னகத்திலேயே கழிந்தது. தஞ்சை வரலாற்றில் இடம்பெற்ற சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் கல்வி பயின்றார். ஆகவே தமிழ் அவருக்கு நூலில் மட்டும் கண்ட மொழியன்று. பிள்ளைப் பருவத்திலேயே காதில் விழுந்த மொழி. பின்னர் ஐரோப்பாவில் சட்டம் கற்று, 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றியிருந்த இலங்கையின் கரையோர மாகாணங்களுக்கு அரச சட்ட அதிகாரியாக வந்து சேர்ந்தார். 1811 முதல் 1819 வரை இந்நாட்டின் பிரதம நீதியரசராக விளங்கினார்.

அந்நியர் ஆட்சியின் நீதிபதியொருவரைப் போற்றிப் பாடுவது நமது நோக்கமன்று. ஆயினும் அக்காலத்து அதிகாரிகள் பலருக்குத் தோன்றாத ஒரு வினா அவருக்குத் தோன்றியது. ஒரு மக்கட் கூட்டத்தை ஆளும் சட்டம் எது என்பதை அம்மக்களிடமே கேட்க வேண்டாமா என்பதே அது. அதனை அவர் கேட்ட விதமும் யாரிடம் கேட்டார் என்பதும் இருநூறு ஆண்டுகள் கடந்தும் நம்மைத் தொடர்கின்றன.

1806 ஆம் ஆண்டு இங்கு முக்கியமானது. தேசவழமையை யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணிபுரிந்த ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்னரே திரட்டியிருந்தார். 1707 இல் பன்னிரு தமிழ் முதலியார்கள் அதனைப் பார்வையிட்டு ஒப்புதல் அளித்திருந்தனர். அத்தொகுப்புக்கு ஆங்கிலேயர் 1806 இன் 18 ஆம் இலக்க ஒழுங்குவிதியால் சட்ட வலு அளித்தனர். அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் முஸ்லிம்களின் திருமணம், சொத்துரிமை பற்றிய சட்டக்கோவையும் வெளியாயிற்று. ஜோன்ஸ்டனின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் கோவை இதுவே. இதன் அடித்தளம் ஒல்லாந்தர் பத்தாவியாவிலிருந்து கொண்டுவந்த ஒரு தொகுப்பு. முஸ்லிம் தலைவர்கள் அதனை ஆராய்ந்து ஏற்றனர். முதலில் கொழும்பு மாகாணத்து முஸ்லிம்களுக்கு எனப் பிறந்த இக்கோவை, 1852 இன் கட்டளைச் சட்டத்தால் ஏனைய பகுதி முஸ்லிம்களுக்கும் விரிந்தது. மன்னார் முஸ்லிம்கள் அதன் கீழ் வந்தது அவ்வழியே.

மன்னாரைப் பற்றி ஜோன்ஸ்டனுக்குத் தனியான ஓர் ஈடுபாடும் இருந்தது. கொழும்பு முஸ்லிம் மையவாடியொன்றில் கிடைத்த பழைய கூபி எழுத்துக் கல்வெட்டின் படியை இங்கிலாந்துக்கு எடுத்துச் சென்று, கேம்பிரிட்ஜ் அறிஞர் சாமுவேல் லீ மூலம் வாசிக்கச் செய்தார். 1827 இல் ஆசிய சங்க வெளியீட்டில் அது குறித்து எழுதிய கடிதத்தில், இலங்கை முஸ்லிம்கள் தம் முன்னோர் பற்றிக் கூறிய மரபுச் செய்திகளைப் பதிவு செய்தார். அவர்களது ஆதிக் குடியேற்றங்களுள் மாந்தையையும் மன்னாரையும் குறிப்பிட்டு, முத்துக்குளிப்புத் திடல்களுக்கும் இந்தியாவுக்கிடையிலான நீரிணைக்கும் அண்மையில் இருந்தமையால் அவை வாணிபத்தில் ஓங்கியதை விளக்கினார். பாடல் பெற்ற தலமான திருக்கேதீச்சரம் நிற்கும் அதே மாந்தை இது என்பதை இரு சமூகத்து வாசகர்களும் சேர்ந்து நினைத்துப் பார்ப்பது நன்று. அக்கடிதத்தின் வரலாற்றுத் தகவல்கள் அனைத்தையும் இன்றைய ஆய்வாளர் ஏற்பதில்லை. எனினும் தம்மைப் பற்றி ஒரு சமூகம் சொல்வதைச் செவிமடுத்து எழுதிய நீதிபதி என்ற வகையில் அது அரிய ஆவணமே.

அவர் செய்தவற்றுள் மிகத் துணிவானது ஜூரி முறையே. 1811 இல் இத்தீவில் அதனை அறிமுகப்படுத்தியபோது, ஐரோப்பியருக்கு மட்டும் உரிய சலுகையாக அன்றி, இந்நாட்டு மக்கள் அனைவருக்கும் உரிய உரிமையாக அவர் வகுத்தார். ஆசியாவில் ஐரோப்பிய ஆட்சியின் கீழ் இவ்வாறு நிகழ்ந்தது புதுமை. குற்றஞ்சாட்டப்பட்டவர் தம் சாதியினர் பதின்மூவர் முன்னிலையில் விசாரிக்கப்படலாம். தீர்ப்பு பெரும்பான்மையால் அமையும். ஜூரிமார் சாட்சிகளிடம் தாமே வினவலாம். வடபுலத்தில் இந்துக்கள் ஜூரிமாராக அமர்ந்த கொலை வழக்கொன்றை அவரே பின்னாளில் விபரித்துள்ளார். சாட்சியம் முழுவதும் எதிரிக்குப் பாதகமாக இருந்தபோது, ஜூரியிலிருந்த பிராமணர் ஒருவர் நுணுக்கமாகக் கேள்விகள் தொடுத்து, அக்குற்றச்சாட்டே சோடிக்கப்பட்டது என்பதை வெளிக்கொணர்ந்தார். உள்ளூர் வழக்கம் அறிந்தவருக்கே அத்தகைய கேள்விகள் எழும். உட்கார்ந்து கேட்டு, ஐயுற்று, ஒருவரோடொருவர் விவாதித்து முடிவெடுக்கும் திறன் எம்மக்களுக்கு இல்லை என்று எண்ணியிருந்தோருக்கு அந்த வழக்கு விடையாயிற்று. இந்தியாவிலும் ஜூரி முறையை விரிவாக்க வேண்டுமென லண்டனில் அவர் வாதாடியபோது இலங்கை அனுபவத்தையே சான்றாகக் காட்டினார்.

ஜூரிமாராக அமர்ந்த தகுதியை முன்னிறுத்தியே, தம் வீட்டு அடிமைகளின் பிள்ளைகளை விடுவிக்குமாறு அடிமை உடைமையாளர்களை அவர் இணங்கச் செய்தார். 1816 ஓகஸ்ட் 12 முதல் பிறக்கும் குழந்தைகள் சுதந்திரர் என அவர்கள் தீர்மானித்தனர். இதுவும் முழு விடுதலையன்று. பெற்றோர் அடிமைகளாகவே நீடித்தனர். வடக்கில் சாதியின் பெயரால் நிலவிய அடிமைமுறை சட்டப்படி ஒழிய 1844 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சாதி வாரியாக ஜூரிமாரைப் பிரித்த ஏற்பாடே அச்சாதிப் படிநிலைக்கு நீதிமன்ற முத்திரை இட்டது என்ற குற்றச்சாட்டையும் ஒதுக்கிவிட முடியாது.

நாம் கருதும் பெருங்குறை வேறொன்று. அவர் மக்களிடம் கேட்டார் என்பது உண்மை. ஆனால் மக்கள் என்று அவர் கண்டவர்கள் முதலியார்கள், மார்க்க அறிஞர்கள், வணிகத் தலைவர்கள். முத்துக்குளிக்கக் கடலில் இறங்கியவரிடம் கேட்கவில்லை. பெண்களிடம் கேட்கவேயில்லை. காலத்துக்குக் காலம் நெகிழ்ந்து வந்த வழக்கங்கள் அச்சிலேறியதும் இறுகின. ஒரு தலைமுறையின் தலைவர்கள் சொன்னது பல தலைமுறைகளுக்குச் சட்டமாயிற்று.

1819 இல் இலங்கையை விட்டகன்ற ஜோன்ஸ்டன், 1823 இல் லண்டனில் றோயல் ஆசிய சங்கத்தை நிறுவியோருள் ஒருவரானார். 1849 இல் காலமானார். அவர் விட்டுச் சென்ற வினாவை அதன்பின் இந்நாட்டின் ஆட்சியாளர் எத்தனை முறை கேட்டனர்? 1972 இன் அரசியலமைப்பை ஆக்கிய சபையிலிருந்து, தம் யோசனைகள் செவிமடுக்கப்படாமையால் தமிழரசுக் கட்சியினர் முன்னைய ஆண்டே வெளியேறியிருந்தனர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் மன்னாரிலிருந்தும் வடக்கின் ஏனைய இடங்களிலிருந்தும் முஸ்லிம்களை வெளியேற்றியபோது, பக்கத்து வீட்டுத் தமிழரிடமும் எவரும் கேட்கவில்லை. 2016 இல் அரசியலமைப்புச் சீர்திருத்தம் பற்றி மக்கள் கருத்தறியும் குழு மாவட்டந்தோறும் சென்று கேட்டது. அறிக்கை வந்தது, அந்த முயற்சியிலிருந்து அரசியலமைப்பு வரவில்லை.

ஜூரி முறையும் உருமாறிற்று. 1979 இன் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின்படி எழுவர் அமர்வர். எம்மொழி பேசும் ஜூரி என்பதை எதிரியே தெரிவு செய்யலாம். 2006 இல் கொல்லப்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர் ரவிராஜின் வழக்கில் சிங்களம் பேசும் ஜூரிமார் 2016 டிசெம்பர் 24 அதிகாலையில் எதிரிகளை விடுவித்தனர். எதிரி தம் இனத்தவரால் விசாரிக்கப்படும் உரிமையைக் காத்த ஜோன்ஸ்டனின் ஏற்பாட்டில், கொல்லப்பட்டவரின் சமூகத்துக்கு இடம் எதுவும் வகுக்கப்படவில்லை. அந்த இடைவெளியின் ஆழத்தை அன்றுதான் பலர் உணர்ந்தனர்.

1978 இன் அரசியலமைப்பின் 16 ஆவது உறுப்புரை, அதற்கு முன்னிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாயினும் செல்லுபடியாகும் என்கிறது. தேசவழமையும் 1951 இன் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமும் இதன் நிழலில் நிற்கின்றன. ஆகவே அவற்றைத் திருத்த வேண்டுமாயின் நீதிமன்றம் போதாது. சமூகமே கூடிப் பேசியாக வேண்டும். 2009 இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் அமைக்கப்பட்ட குழு, 2018 இல் அறிக்கை கையளித்தபோது இரண்டாகப் பிளந்திருந்தது. தேசவழமையில் மணமான பெண் தன் சொந்தக் காணியை விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்ற விதி பற்றித் தமிழர் தரப்பில் அத்தகைய ஒரு குழுவின் அளவுக்குக்கூட விவாதம் நடைபெறவில்லை. பேசாலையில் நொத்தாரிசின் முன் கணவனின் கையொப்பத்துக்காகக் காத்திருப்பவளிடமும், எருக்கலம்பிட்டியில் காதி முன் தன் வழக்கைச் சொல்லப் போகிறவளிடமும் 1707 இலும் 1806 இலும் கேட்கப்படாத கேள்வி இன்னும் கேட்கப்பட வேண்டியிருக்கிறது.