ஒரு பாட்டிலால் வேலை இழந்த விஞ்ஞானி

பம்பாய் பரேலில் உள்ள ஹாப்கின் நிலையத்தின் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் பலர். அந்தப் பெயருக்கு உரியவர், கிருமிகளிடமிருந்து லட்சக்கணக்கான இந்தியர்களைக் காத்தவர். அவரே ஒரு கிருமியின் பெயரால் பதவி இழந்து, ஐந்து ஆண்டுகள் நியாயத்துக்குக் காத்திருந்தார் என்பதை அறிந்தவர்கள் குறைவு.

வால்டெமர் ஹாப்கின் 1860ஆம் ஆண்டு கருங்கடல் கரையில் உள்ள ஒடெஸ்ஸா நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அன்று ரஷ்யப் பேரரசைச் சேர்ந்த அந்நகர் இன்று உக்ரைனில் உள்ளது. படிப்பில் கெட்டிக்காரர். மதம் மாறினால் பல்கலைக்கழகத்தில் மேல்பதவி கிடைக்கும் என்ற நிலை வந்தபோது மறுத்துவிட்டார். பிறகு நாட்டை விட்டு வெளியேறி, 1889ல் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தை அடைந்தார். அங்கு அவருக்குக் கிடைத்தது உதவி நூலகர் வேலைதான். அதைப் பார்த்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் காலராக் கிருமியை ஆராயத் தொடங்கினார்.

காலராக் கிருமி அசுத்தமான நீர் வழியாக வயிற்றுக்குள் போகிறது. சிறுகுடலில் ஒட்டிக்கொண்டு ஒரு நச்சைச் சுரக்கிறது. அந்த நச்சு, உடம்பில் உள்ள நீரையும் உப்பையும் குடலுக்குள் இழுத்துக் கொட்டிவிடுகிறது. சில மணி நேரத்தில் ஆள் வற்றிப் போகிறான். இந்த நச்சின் வேலையை 1959ல் நிரூபித்துக் காட்டியவர் கல்கத்தா டாக்டர் சம்புநாத் டே. ஹாப்கின் காலத்தில் இது தெரியாது. ஆனால் பக்குவப்படுத்திய கிருமியை ஊசி மூலம் செலுத்தினால், உடம்பு அதை அடையாளம் கண்டு எதிர்க்கப் பழகும் என்பது தெரிந்திருந்தது. 1892 ஜூலை 18ந் தேதி அந்த ஊசியை அவர் முதலில் தமக்கே போட்டுக்கொண்டார்.

சேரிகளில் ஊசி

1893ல் அவர் கல்கத்தா வந்து சேர்ந்தார். தில்லிக்கு அருகில் உள்ள ஆக்ராவிலும் அவ்வாண்டே ஊசி போட்டார். 1894ல் கல்கத்தாவின் கட்டல் பகான் சேரியில் காலரா கண்டது. அங்கிருந்த சுமார் 200 பேரில் 116 பேர் ஊசிக்கு இசைந்தனர். அதன் பிறகு அச்சேரியில் காலரா வந்ததெல்லாம் ஊசி போட்டுக்கொள்ளாதவர்களுக்கே. அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களும் அவரிடம் ஊசி போட்டுக்கொண்டனர்.

கிருமிக்கு ஏழை பணக்காரன் பேதம் இல்லை என்பார்கள். ஆனால் நல்ல தண்ணீர் கிடைக்காதவன் வீட்டுக்குத்தான் அது முதலில் வருகிறது. 1988ல் தில்லியில், யமுனைக்கு அப்பால் உள்ள குடியேற்றக் காலனிகளில் காலரா பரவியது. அங்கே பலர் ஆழமில்லாத கைப்பம்புகளின் நீரையே நம்பி இருந்தனர்.

ஒரு குமாஸ்தா, மூன்று பியூன்

1896ல் பம்பாயில் பிளேக் மூண்டது. அரசு ஹாப்கினை அழைத்தது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் அவருக்குக் கிடைத்தது ஓர் அறை, ஒரு தாழ்வாரம், ஒரு குமாஸ்தா, பயிற்சி இல்லாத மூன்று பியூன்கள். இவர்களை வைத்துக்கொண்டு சில மாதங்களில் மருந்தைத் தயாரித்துவிட்டார். பிளேக் கிருமியை ரசத்தில் வளர்த்து, பிறகு சூடேற்றிக் கொல்வதே முறை. 1897 ஜனவரி 10ந் தேதி இந்த ஊசியையும் தாமே முதலில் ஏற்றுக்கொண்டார். அடுத்து பைகுல்லா சிறையில், தாமாக முன்வந்த கைதிகளுக்குப் போடப்பட்டது. எலிப் பூச்சி கடித்துத்தான் பிளேக் பரவுகிறது என்பதை பிரெஞ்சு டாக்டர் சிமோன் 1898ல்தான் கண்டார். நோய் எப்படிப் பரவுகிறது என்று தெரியும் முன்பே தடுப்பு வந்துவிட்டது.

மல்கோவால்

1902 அக்டோபர் 30ந் தேதி, இன்று பாகிஸ்தானில் உள்ள மல்கோவால் என்ற பஞ்சாப் கிராமத்தில் 107 பேருக்கு ஊசி போடப்பட்டது. ஒரே பாட்டிலிலிருந்து ஊசி பெற்ற 19 பேர் டெட்டனஸ் என்னும் ரணஜன்னி கண்டு இறந்தனர். பாட்டிலின் எண் 53-என். மற்ற பாட்டில்களிலிருந்து ஊசி பெற்றவர்களுக்கு ஒரு கெடுதலும் நேரவில்லை.

ரணஜன்னிக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் வித்தாக உறங்கிக் கிடப்பது. காற்றுப் படாத காயத்துக்குள் புகுந்தால் விழித்துக்கொண்டு நச்சைக் கக்கும். நரம்புகள் இழுத்து, தாடை பூட்டிக்கொள்ளும். பம்பாய் ஆய்வுக்கூடத்திலேயே இக்கிருமி பாட்டிலுக்குள் புகுந்துவிட்டது என்று விசாரணைக் கமிஷன் முடிவு செய்தது. ஹாப்கின் பதவியை இழந்தார்.

ஆனால் சாட்சியங்கள் வேறு கதையைச் சொல்லின. பாட்டிலைத் திறக்கும் முன் ஓர் உதவியாளர் கையிலிருந்த இடுக்கி தரையில் விழுந்தது. அதைச் சரிவரச் சுத்தம் செய்யாமலே பயன்படுத்தினார். கிருமி பல நாள் பாட்டிலில் வளர்ந்திருந்தால் மருந்து நாறியிருக்கும். திறந்தபோது நாற்றம் இல்லை. நோயும் உடனே வரவில்லை, சுமார் ஒரு வாரம் கழித்தே கண்டது. ஆகவே கிருமி புகுந்தது மல்கோவாலின் மண்ணிலிருந்துதான் என்று அறிஞர்கள் வாதிட்டனர். மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பைக் கண்ட ரொனால்டு ராஸ் உள்ளிட்ட பத்துப் பேர் 1907ல் லண்டன் பத்திரிகையில் அவருக்காக எழுதினர். அவ்வாண்டே அவர் மீதான குற்றச்சாட்டு நீங்கியது.

வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் பம்பாயில் தாம் உருவாக்கிய ஆய்வுக்கூடத்தின் தலைமை கிடைக்கவில்லை. கல்கத்தாவில் ஒரு சாதாரணப் பணியில் இருந்து ஓய்வு பெற்றார். 1925ல் பம்பாய் ஆய்வுக்கூடத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 1930ல் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் காலமானார்.

தரையில் விழுந்த ஓர் இடுக்கி 19 உயிர்களைக் கொண்டு போயிற்று. ஒரு பெரிய மனிதரின் வாழ்வையும் முடக்கிப் போட்டது. பட்டறையிலும் ரயில்பாதை ஓரத்திலும் ஆணி குத்தினால் சின்னக் காயம்தானே என்று மண்ணோடு விட்டுவிடுகிறவர்கள் இன்றும் உண்டு. சோப்புப் போட்டுக் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரியில் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்வதே அறிவுடைமை.