கண்ணீருக்கு வழி செய்த டாக்டர்

குழந்தை அழவில்லை. ஆனாலும் கண்ணில் நீர் வழிகிறது, பீளை கட்டுகிறது. ஏன்?

கண்ணின் ஓரத்தில் இருந்து மூக்குக்குள் ஒரு சின்னக் குழாய் போகிறது. கண்ணீர் வடியும் வழி அதுதான். சில குழந்தைகள் பிறக்கும்போது, அதன் கீழ் முனையை மெல்லிய சவ்வு மூடி இருக்கும்.

கண்ணீர்க் குழாய் அடைத்தால் கத்தியால் கீறி, காரம் வைத்துச் சுட்ட காலம் உண்டு! அந்த வைத்தியத்தை மாற்றியவர்களில் ஒருவர் டாக்டர் வில்லியம் பௌமன்.

இங்கிலாந்தில் நான்ட்விச் என்ற ஊரில் 1816-ம் ஆண்டு பிறந்தார். தந்தை பாங்கி நடத்தியவர்.

சிறுநீரகம் நீரை வடிகட்டும் நுட்பத்தை 1842-ல் பௌமன் விளக்கினார். அப்போது வயது 25தான்! பிறகு லண்டன் மூர்பீல்ட்ஸ் கண் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்.

இமை ஓரத்துச் சிறு துளையைக் கொஞ்சம் அகலமாக்கி, மெல்லிய கம்பியை உள்ளே செலுத்தி அடைப்பை நீக்கும் முறையை 1857-ல் எழுதி வெளியிட்டார். 1884-ல் 'பாரனெட்' பட்டம் பெற்றார். 1892-ல் காலமானார்.

இன்றும் அந்தக் கம்பிக்கு அவர் பெயர்தான். ஆனால் எல்லாக் குழந்தைக்கும் அது தேவை இல்லை. 100-க்குச் சுமார் 90 குழந்தைகளுக்கு, ஒரு வயதுக்குள் அடைப்பு தானே திறந்துவிடும். தாய் கையைச் சுத்தமாகக் கழுவி, டாக்டர் காட்டிய விதமாக, கண்ணின் உள்மூலையில் இருந்து மூக்கை ஒட்டிக் கீழ்நோக்கி மெதுவாக அழுத்திவிட வேண்டும். அப்படியும் திறக்காத குழந்தைக்குத்தான் கம்பி.

ஆனால் உள்மூலை சிவந்து வீங்கினால் காத்திருக்கக் கூடாது. உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.