மகனைத் தேடிப்போன லூயி பாஸ்டர்

கண்டியில் ஒரு மிருக சிகிச்சை நிலையத்தில் உதவியாளராக வேலை செய்கிறேன். ஊசி போடும்போது நாயின் வாயைத் துணிப்பட்டியால் கட்டிப் பிடிப்பது, காயம் கழுவுவது, கூடுகளைச் சுத்தம் செய்வது, தடுப்பு மருந்து வைத்திருக்கும் குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலையைக் காலையும் மாலையும் குறித்துவைப்பது, இவைதான் என் வேலை. கட்டுகஸ்தோட்டை, பேராதனை, ஹந்தானைத் தோட்டப்பக்கம் என எல்லா இடத்திலிருந்தும் சனம் வரும்.

ஒவ்வொரு வருடமும் செப்டெம்பர் 28ஆம் திகதி உலக விசர்நாய்க்கடி நோய்த் தினம். அது லூயி பாஸ்டர் இறந்த நாள் என்பது வேலைக்கு வந்து சில வருடங்களுக்குப் பிறகுதான் எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் அவரைப் பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கும் முறையோடு மட்டும்தான் படித்திருந்தேன். அவருடைய வாழ்க்கையைத் தேடி வாசித்தபோது, அது எங்களைப் போன்றவர்களுக்குத் தூரமான கதை இல்லை என்று பட்டது.

பாஸ்டர் 1822 டிசெம்பர் 27ஆம் திகதி பிரான்சின் டோல் நகரில் பிறந்தார். தந்தை நெப்போலியனின் படையில் இருந்தவர். பிறகு தோல் பதனிட்டுப் பிழைத்தார். ஆர்புவா என்ற சிற்றூரில் பாஸ்டர் வளர்ந்தார். அவருக்கு எட்டு வயதாக இருந்தபோது விசர் பிடித்த ஓநாய் ஒன்று அந்தப் பகுதிச் சனங்களைக் கடித்தது. கடிபட்டவரைக் கொல்லன் பட்டறைக்குக் கொண்டுவந்து, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் காயத்தைச் சுட்டதைச் சிறுவன் பார்த்தான். அந்தக் காலத்தில் அதுதான் வைத்தியம். கடிபட்டவர்களில் பலர் செத்துப்போனார்கள்.

அவர் வைத்தியர் அல்ல, இரசாயனம் படித்தவர். திராட்சை மது ஏன் கெட்டுப்போகிறது, பட்டுப்புழுக்கள் ஏன் சாகின்றன என்று தேடியபோதே கண்ணுக்குத் தெரியாத கிருமிகளிடம் வந்து சேர்ந்தார். அதே வருடங்களில் அவருடைய மூன்று பெண் பிள்ளைகள் இறந்தார்கள். 1859இல் ஒன்பது வயது ஜான், 1865இல் இரண்டு வயது கமீல், 1866இல் பன்னிரண்டு வயது செசீல். 1868இல், 45 வயதில், பக்கவாதம் வந்து இடப்பக்கம் செயலிழந்தது. முழுமையாகக் குணமாகவில்லை. ஆனாலும் பட்டுப்புழு வேலைக்குத் திரும்பிப்போனார்.

1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் யுத்தம் மூண்டது. ஒரே மகன் ஜான் பப்டிஸ்ட் பத்தொன்பது வயதில் படையில் இருந்தான். 1871 ஜனவரியில் அவனுடைய படை தோற்றுச் சுவிஸ் எல்லைப் பக்கம் பின்வாங்கியது. மகனிடமிருந்து தகவல் இல்லை. பாஸ்டர் மனைவியையும் மிஞ்சிய மகளையும் கூட்டிக்கொண்டு, பனி மூடிய பாதையில் குதிரை வண்டியில் புறப்பட்டார். பசியிலும் குளிரிலும் விழுந்து கிடந்த படையினரிடம் கேட்டுக் கேட்டுப் போனார். பொந்தர்லியே நகரின் அருகே, வண்டியொன்றில் நோயோடு கிடந்த மகனை உயிருடன் கண்டார்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அம்மாவின் குடும்பம் 1977 கலவரத்தோடு மலையகத்தை விட்டு வன்னிக்குப் போனது. 2009இல் முகாமுக்குள் வந்த பிறகு அம்மாவும் இப்படித்தான் ஒவ்வொருவரிடமும் அண்ணனைப் பற்றிக் கேட்டார். பாஸ்டருக்குப் பிள்ளை கிடைத்தான். எங்களுக்குக் கிடைக்கவில்லை. பிறகு நாங்கள் கண்டிப் பக்கமே திரும்பிவந்தோம்.

யுத்தம் பாஸ்டரைக் கசப்பாக்கியது. ஜேர்மனியின் பொன் பல்கலைக்கழகம் தந்த கௌரவப் பட்டத்தைத் திருப்பி அனுப்பினார். அந்தக் கசப்பு கடைசிவரை போகவில்லை. ஆனால் கை வேலையை விடவில்லை.

1881இல் பூயி-லெ-ஃபோர் என்ற இடத்தில் அந்த்ராக்ஸ் எனும் அடைப்பான் நோய்க்கு எதிரான தடுப்பூசியை ஊர் பார்க்கச் சோதித்தார். ஊசி போட்ட செம்மறிகள் நின்றன, போடாதவை செத்தன. அந்த மருந்து உண்மையில் அவருடைய உதவியாளர் ஷாம்பர்லான் உருவாக்கிய முறையில் செய்யப்பட்டது. பாஸ்டர் அதை அப்போது வெளியே சொல்லவில்லை. விசர்நோயை முயலுக்குக் கடத்திக் காட்டியவரும் அவருக்கு முன்பே லியோன் மிருக வைத்தியக் கல்லூரியில் இருந்த கால்த்தியே. உதவியாளனான எனக்கு இது உறுத்துகிறது. பெரியவர்களின் பெயருக்குப் பின்னால் எத்தனையோ கைகள் இருக்கின்றன.

1885 ஜூலை 6ஆம் திகதி, அல்சாஸிலிருந்து ஒரு தாய் ஒன்பது வயது மகன் யோசெப் மைஸ்டரைப் பரிசுக்குக் கூட்டிவந்தார். அல்சாஸ் அந்த யுத்தத்தில் ஜேர்மனியிடம் போன நிலம். பிள்ளையின் உடம்பில் நாய் கடித்த பதினான்கு காயங்கள். நோயுற்ற முயலின் முள்ளந்தண்டு நாணை உலர்த்திச் செய்த மருந்து, மனிதரில் உறுதிப்படாதது. பாஸ்டருக்கு ஊசி போடும் உரிமை இல்லாததால் வைத்தியர் கிராஞ்சே போட்டார். பதின்மூன்று ஊசிகள். பாஸ்டர் இரவில் நித்திரை இல்லாமல் கிடந்தார். பிள்ளை பிழைத்தான். பின்னாளில் பாஸ்டர் நிறுவகத்தின் வாயிற்காவலராக வேலை செய்தான்.

அதே வருடம் நவம்பரில் லூயிஸ் பெல்த்தியே என்ற பத்து வயதுச் சிறுமி வந்தாள். கடிபட்டு 37 நாட்கள் கடந்திருந்தன. காலம் பிந்திவிட்டதென்று பாஸ்டருக்குத் தெரியும். அவள் இறந்தால் மருந்துக்கும் தனக்கும் கெட்ட பெயர் வரும் என்பதும் தெரியும். ஆனாலும் பெற்றோரைத் திருப்பி அனுப்பவில்லை. டிசெம்பரில் பிள்ளை இறந்தாள். அவர் அழுதார். மூன்று மகள்களை அடக்கம் செய்த தகப்பன் அல்லவா?

1888இல் பல நாட்டுச் சனங்கள் தந்த காசில் பரிசில் பாஸ்டர் நிறுவகம் திறக்கப்பட்டது. 1907இல் தமிழ்நாட்டின் குன்னூரிலும் அவர் பெயரில் ஒரு நிறுவகம் தொடங்கியது. 1895இல் இறந்த அவர், பரிஸ் நிறுவகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

சில மாதங்களுக்கு முன் ஒரு தோட்டத் தொழிலாளி நாய்க்குட்டியோடு வந்தார். பேச்சுவாக்கில், அது தன் மகளையும் கீறியது, சின்னக் காயம்தான் என்றார். நான் வேலையை விட்டுவிட்டு, இன்றைக்கே பிள்ளையை அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள் அண்ணா, ஊசிக்குக் காசு இல்லை என்று கெஞ்சினேன். கடித்தால், கீறினால், உடனே சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவவேண்டும். பிறகு தாமதிக்காமல் ஊசி போடவேண்டும். நோய் தலைகாட்டிவிட்டால் இன்றும் காப்பாற்றுவது ஏறத்தாழ முடியாத காரியம்.

அந்தப் பிள்ளைக்கு ஊசி போட்டார்கள், சுகமாக இருக்கிறாள். அன்றிரவு அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஒன்றும் பேசாமல், அண்ணனின் படத்துக்கு முன்னால் இருந்த விளக்கின் திரியைத் தூண்டிவிட்டார்.