சூளாமணியை அச்சேற்றிய சி. வை. தாமோதரம் பிள்ளை

அறநூல்கள் போற்றும் நால்வகைத் தானங்களுள் சாத்திர தானமும் ஒன்று. கோவில்பட்டிக்கு அண்மையிலுள்ள கழுகுமலையில், 8, 9-ஆம் நூற்றாண்டுகளில் அத்தானம் தழைத்திருந்தது. அங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுகள் ஆசிரியரையும் குரத்தியரையும் மாணாக்கரையும் பெயர் சுட்டிக் கூறுகின்றன. அப்பள்ளி மறைந்து பல நூற்றாண்டுகள் கழிந்தபின், ஈழத்தில் வேற்றுச் சமயத்தார் நடத்திய ஒரு சிறு கல்லூரியில் பயின்ற அறிஞர் ஒருவர் நம் காப்பியமொன்றை அச்சேற்றிக் காத்தார். அவரே சி. வை. தாமோதரம் பிள்ளை.

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832-ஆம் ஆண்டு வைரவநாதரின் மைந்தராகத் தோன்றிய அவர், வட்டுக்கோட்டைச் செமினரியில் உயர்கல்வி பெற்றார். அமெரிக்க மிஷன் பாதிரிமார் 1823-இல் நிறுவிய கல்லூரி அது. கிறித்தவ ஊழியரை உருவாக்குவதே அதன் நோக்கம். எனினும் விவிலியத்தோடு கணிதம், வானநூல், ஆங்கிலம், தமிழ் ஆகியவற்றையும் அங்கே முறையாகக் கற்பித்தனர். சமயப் பணிக்கு எதிர்பார்த்த அளவு பயன்படவில்லை எனக் கருதி, 1855-இல் மிஷனார் அதை மூடிவிட்டனர். ஆயினும் அங்கு விதைத்த கல்வி வீண்போகவில்லை.

1853-இல் பெர்சிவல் பாதிரியாரின் அழைப்பை ஏற்றுச் சென்னைக்கு வந்த பிள்ளையவர்கள் தினவர்த்தமானி இதழின் ஆசிரியரானார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகத் தேறினார். பின்னர்ச் சட்டம் பயின்று, புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் விளங்கினார்.

இப்பணிகளுக்கிடையே, செல்லரித்த ஏடுகளைத் தேடித் தொகுத்து, பாடம் ஒப்புநோக்கிப் பதிப்பிப்பதைத் தம் வாழ்நாட் கடனாகக் கொண்டார். தாம் சைவராயினும், பௌத்தர் இயற்றிய வீரசோழியத்தை 1881-இல் வெளியிட்டார். தொல்காப்பியப் பொருளதிகாரமும் கலித்தொகையும் அவர் முயற்சியால் அச்சுருப் பெற்றன. திவிட்டன், விசயன் ஆகியோரின் வரலாறு கூறும் தோலாமொழித்தேவரின் சூளாமணியை 1889-இல் பதிப்பித்தார். பிற சமயத்தார் நூல் என்று அவர் ஒதுக்கியிருப்பின், அக்காப்பியம் கற்போர் கைக்கு எட்ட இன்னும் எத்தனை ஆண்டுகள் ஆகியிருக்குமோ! அதுவரை ஏடுகள் தாங்கியிருக்குமோ!

1901 சனவரி முதல் நாள் சென்னையில் அவர் மறைந்தார்.

பள்ளி அமைத்தவர் ஒரு சமயத்தார்; அங்கே பயின்றவர் மற்றொரு சமயத்தார்; அவர் உழைப்பின் பயனை நுகர்பவர் நாம். கல்விக் கொடை எவ்வழி நடந்து எவர்க்குப் பயன்படும் என்பதைக் கொடுப்பவர் அறியார். இத்திருநாளில் சூளாமணியின் ஒரு சருக்கத்தையேனும் நம் இல்லத்துப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுவோமாயின், அதுவே அப்பெருந்தகைக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.