மணலில் எழுதிய மாணவர்

நம் கல்லூரி மலரில் ஆண்டுதோறும் தமிழ்ப் பெரியார் ஒருவரின் வாழ்க்கை வரலாறு இடம்பெறுவது வழக்கம். இம்முறை தமிழராய்ப் பிறவாத ஒருவரைப் பற்றி எழுத விழைந்தேன். அவர் பெயர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. அச்சுக்கலையின் வரலாற்றைக் கற்றோர் அவரை நன்கு அறிவர்; கிறித்துவத் திருச்சபையின் வரலாற்றைக் கற்றோரும் அறிவர். நான் அவரைப் பற்றி எழுதப் புகுந்ததற்குக் காரணம் அச்சும் அன்று, சமயமும் அன்று. கல்வி கேள்விகளில் சிறந்த இருபத்து நான்கு வயது இளைஞர் ஒருவர், ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே தரையில் அமர்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார் என்ற ஒரு செய்தியே என்னை அவர்பால் ஈர்த்தது. இயற்பியல் மாணவனுக்கு இந்த ஆராய்ச்சி ஏன் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன்.

சீகன்பால்கு 1682-ஆம் ஆண்டு ஜெர்மனியில் சாக்சனிப் பகுதியிலுள்ள புல்ஸ்நிட்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையிலேயே தாய் தந்தையரை இழந்தார். உடல்நலமும் அவருக்கு வாய்க்கவில்லை. நோயின் காரணமாகப் படிப்பு பலமுறை தடைப்பட்டது. ஹாலே நகரில் பிராங்கே என்னும் பேராசிரியரிடம் பயின்றார். ஏழைப் பிள்ளைகளுக்கும் அனாதைப் பிள்ளைகளுக்கும் பள்ளிகள் நடத்தி வந்தவர் அந்தப் பிராங்கே. ஆசிரியர் செய்ததை மாணவர் பிற்காலத்தில் கடல் கடந்து செய்தார் என்று கொள்ளலாம்.

அக்காலத்தில் தரங்கம்பாடி டென்மார்க்கு நாட்டினரின் வசம் இருந்தது. 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் இசைவு பெற்று அவர்கள் அங்கே கோட்டை கட்டினர். 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்கும் வரை அவ்வூர் அவர்களிடமே இருந்தது. டென்மார்க்கு அரசர் நான்காம் பிரடெரிக்கு அங்கே சமயப்பணி செய்ய ஆள் தேடியபோது, சீகன்பால்கும் அவர் நண்பர் புளுட்சோவும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 1705 நவம்பரில் கப்பலேறியவர்கள் 1706 ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடிக் கடலை அடைந்தனர். கோட்டையில் இருந்த அதிகாரிகள் அவர்களை முகம் மலர்ந்து வரவேற்கவில்லை என்பதை மட்டும் சொல்லி மேலே செல்கிறேன்.

அன்றைய தரங்கம்பாடியைச் சற்றே மனக்கண்முன் கொண்டுவந்து பாருங்கள். கோட்டைக்குள் டேனிய மொழி. கடைத்தெருவிலும் துறைமுகத்திலும் ஐரோப்பியரோடு பேச உதவியது ஒருவகைப் போர்த்துக்கீசியம். கலப்பினக் குடும்பங்கள் பலவற்றில் அதுவே தாய்மொழி. ஊர் மக்களுக்கோ தமிழ். வந்திறங்கிய இருவருக்கும் ஜெர்மன் தாய்மொழி. துறைமுகம் என்றாலே இப்படித்தான் போலும்! இராயபுரத்திலும் காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் வளர்ந்த நமக்கு இது புதுமையன்று. ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் உருதும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இப்போது இந்தியும் ஒடியாவும் சேர்ந்திருக்கின்றன.

நண்பர்கள் இருவரும் வேலையைப் பகிர்ந்துகொண்டனர். புளுட்சோ போர்த்துக்கீசியத்தில் கருத்தைச் செலுத்தினார். சீகன்பால்கு தமிழை எடுத்துக்கொண்டார். தமிழைக் கற்பதற்கு அன்று அவர் கையில் அகராதி இல்லை, இலக்கண நூல் இல்லை. எனவே ஊரில் திண்ணைப் பள்ளி நடத்தி வந்த முதிய ஆசிரியர் ஒருவரை அணுகி, பள்ளியைத் தம் வீட்டிலேயே வந்து நடத்துமாறு வேண்டினார். ஆசிரியர் பிள்ளைகளோடு வந்தார். பிள்ளைகள் மணலைப் பரப்பி எழுத்தெழுத, இந்த வெள்ளைக்காரரும் அவர்களோடு சம்மணமிட்டு அமர்ந்து எழுதினார். அவர்கள் உரக்கச் சொன்னதை இவரும் உரக்கச் சொன்னார்.

இதில் ஒரு சிக்கல் எழுந்தது. என் கருத்தில் இவ்வரலாற்றின் உயிர்நாடியே இந்தச் சிக்கல்தான். எழுத்துகள் வந்துவிட்டன, படிக்கவும் வந்துவிட்டது, பொருள் மட்டும் விளங்கவில்லை! ஆசிரியருக்குத் தமிழ் தவிர வேறு மொழி தெரியாது. மாணவருக்குத் தமிழ் தெரியாது. இருவருக்கும் இடையே பாலம் இல்லை. அந்நிலையில் வந்து சேர்ந்தவர் அழகப்பன் என்னும் தமிழர். டேனியக் கும்பினியாரிடம் மொழிபெயர்ப்பாளராக இருந்த அவருக்கு ஐரோப்பிய மொழிகள் சில தெரியும். ஐயம் வந்த இடத்தில் அவர் தெரிந்த மொழியில் பொருள் சொன்னார். அதன் பின்னர்ச் சீகன்பால்கின் கல்வி விரைந்தது. எட்டே மாதங்களில் அவர் தமிழில் படிக்கவும் எழுதவும் பேசவும் தேர்ந்தார் என்பர். அழகப்பனைப் பற்றி நம் பாடநூல்களில் ஒரு வரியும் நான் கண்டதில்லை. அது ஒரு குறையே.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் பயின்றேன். முதலாண்டில் ஆங்கிலத்தில் நடந்த வெப்பவியல் வகுப்பில் கரும்பலகையில் இருப்பதையெல்லாம் ஓரெழுத்துப் பிசகாமல் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். எழுத்து அழகாக இருந்தது, பொருள்தான் இல்லை. என் வகுப்பில் பாதிப் பேரின் நிலை அதுவே. ஆசிரியர் ஒருவர் என்ட்ரோபி என்பதைத் தமிழில் இரண்டே நிமிடம் விளக்கிவிட்டு மீண்டும் ஆங்கிலத்துக்குப் போவார். அந்த இரண்டு நிமிடம்தான் எங்களுக்கு அழகப்பன்!

மாலை வேளையில் எங்கள் தெருப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேருக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். மணலிப் பக்கத்துத் தொழிற்சாலை வேலைக்காக ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துச் சிறுவன் ஒருவன் அவர்களில் உண்டு, வயது ஏழு. அவனுடைய குறிப்பேட்டைப் பார்த்தால் முத்து முத்தான கையெழுத்து. மரம் என்று எழுதியிருப்பான். மரம் எது என்று கேட்டால் விழிப்பான். படித்த இடத்தில் மக்கு என்று பெயர் வாங்கியிருந்தான். அவனுக்கு முன்பே இங்கு வந்து, தமிழும் ஒடியாவும் சரளமாகப் பேசும் ஒன்பது வயதுச் சிறுமியை அவனருகே அமர்த்தினேன். அவள் காதோடு காதாக ஏதோ சொல்வாள்; அவன் தலையாட்டுவான். இரண்டு மாதத்தில், அண்ணா, நான் சொல்றேன் என்று அவனே கையைத் தூக்கத் தொடங்கிவிட்டான். தாய்மொழியைப் பள்ளி வாசலிலேயே செருப்போடு கழற்றி வைத்துவிட்டு வரவேண்டும் என்று குழந்தையிடம் சொல்வது எவ்வளவு பெரிய கொடுமை என்பதை அன்றே உணர்ந்தேன்.

வரலாற்றுக்குத் திரும்புவோம். பேசக் கற்றதோடு சீகன்பால்கு நின்றுவிடவில்லை. காலையில் முதல் வேலையாக முன்னாள் கற்ற சொற்களை மீண்டும் சொல்லிப் பார்ப்பார். பின்னர் நண்பகல் வரை முதிய புலவர் ஒருவரோடும் எழுத்தர் ஒருவரோடும் அமர்ந்து ஓலைச் சுவடிகளைப் படிப்பார். புதிய சொல் வந்தால் எழுத்தர் குறித்துக்கொள்வார். மாலையில் கண் களைத்தபோது பிறரைப் படிக்கச் சொல்லிக் கேட்பார். இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ 20,000 சொற்களைத் திரட்டினார். 1708-இல் தாம் சேர்த்த தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு பட்டியல் செய்தார். அதில் 119 தமிழ் நூல்கள் உள்ளன. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றையும் நீதிவெண்பாவையும் அவ்வாண்டிலேயே ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். தமிழ்ப் பிள்ளைகள் எதைப் படித்து வளர்கிறார்கள் என்பதைத் தம் நாட்டார் அறியட்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்திருக்கும் என்றே தோன்றுகிறது.

அவர் வந்த நோக்கம் மதமாற்றம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. நம் வழிபாட்டு முறைகள் பலவற்றை அவர் கண்டித்து எழுதியவர்தாம். ஆனால் கண்டிப்பதற்கு முன் கற்றார். தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி 1713-இல் அவர் எழுதி முடித்த நூலை ஹாலேயில் இருந்தவர்கள் விரும்பவில்லை. அச்சிடாமல் ஒதுக்கி வைத்தனர். அது 1867-இல்தான் நம் சென்னையில் அச்சேறியது.

இனி, அவர் நடத்திய பள்ளிகள். 1707-ஆம் ஆண்டு முதற்கொண்டே அவரும் புளுட்சோவும் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் தொடங்கினர். தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழில், போர்த்துக்கீசியம் பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்குப் போர்த்துக்கீசியத்தில், டேனியப் பிள்ளைகளுக்கு டேனிய மொழியில் என்று தனித்தனியே கற்பித்தனர். ஏழைப் பிள்ளைகளுக்கு உணவும் உடையும் பள்ளியிலேயே கிடைத்தன. அதே 1707-இல் பெண் பிள்ளைகளுக்கும் ஒரு பள்ளி எழுந்தது. இந்தியாவின் முதற் பெண்கள் பள்ளி என்று இதனைக் குறிப்பிடுவோர் உளர்.

இங்கே ஒன்றை எண்ணிப் பாருங்கள். பணம் கொடுத்தவர் டென்மார்க்கு அரசர். ஊரை ஆண்டவர்கள் டேனியர். எல்லாப் பிள்ளைகளும் டேனிய மொழியிலேயே படிக்கட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் செலவும் மிச்சம், வேலையும் எளிது. அவர் அப்படிச் செய்யவில்லை. மூன்று மொழிக்கும் ஆசிரியர் தேடினார். ஆசிரியர் போதாதபோது, 1716-இல் உள்ளூர் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கவே ஒரு நிலையம் தொடங்கினார். மணலில் அமர்ந்து, பொருள் விளங்காமல் எழுத்தைக் கூட்டிய அந்த நாட்களை அவர் மறக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இடையூறுகளுக்கும் குறைவில்லை. கோட்டைத் தளபதி ஹாசியசுடன் ஏற்பட்ட பூசலால் 1708-ஆம் ஆண்டின் இறுதியில் சிறையில் அடைக்கப்பட்டு, ஏறத்தாழ நான்கு மாதம் அங்கே கிடந்தார். வெளியே வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். 1711-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்து முடித்தார்.

நூல்களுக்கு என்ன செய்வது? ஓலையில் படியெடுக்க ஆள் வைத்தால் பணமும் காலமும் கரைந்தன. தமிழ் எழுத்து 1578-இலேயே கொல்லத்தில் அச்சேறியதுதான்; ஆனால் அந்த மரபு பின்னர் அறுந்து போயிருந்தது. இலண்டனிலிருந்து ஓர் அச்சுப்பொறி வந்தது. ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713-இல் வந்தன. அந்த எழுத்துகள் மிகப் பெரியவை, தாளை விழுங்கின. ஆகவே பொறையாற்றில் சிறிய எழுத்துகளை வார்த்தனர். இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈயத் தகட்டை உருக்கி அதற்குப் பயன்படுத்தினர் என்று சொல்வதுண்டு. 1715-இல் பொறையாற்றிலேயே காகிதப் பட்டறையும் அமைந்தது. எழுத்து, தாள், அச்சு மூன்றும் அருகருகே! ஒரு தொழிற்பேட்டையில் வளர்ந்தவன் என்பதால் இந்தப் பகுதியை நான் இருமுறை படித்தேன்.

1714-இல் அவர் ஐரோப்பா சென்றபோது மலையப்பன் என்னும் தமிழ் இளைஞரும் உடன் சென்றார். அவர் துணையோடு எழுதிய தமிழ் இலக்கணம் இலத்தீன் மொழியில் 1716-இல் ஹாலேயில் வெளிவந்தது. தமக்குக் கிடைக்காத நூலைத் தமக்குப் பின் வருவோருக்காக அவர் எழுதி வைத்தார். அப்பயணத்தில் மரியா டோரத்தியா என்னும் நங்கையை மணந்துகொண்டு 1716-இல் தரங்கம்பாடிக்குத் திரும்பினார்.

இறுதி ஆண்டுகள் துயரமானவை. உடல் நலிந்தது, ஐரோப்பாவில் இருந்த மேலாளர்களின் கடிதங்கள் அவர் மனத்தைப் புண்படுத்தின. 1718-இல் புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டி முடித்தார். 1719 பிப்ரவரி 23-ஆம் நாள், முப்பத்தாறு வயதில் காலமானார். அந்த ஆலயத்திற்குள்ளேயே அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

மணலில் எழுதும் நம் திண்ணைப் பள்ளி முறை, ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்குப் பின், இன்னொரு ஐரோப்பியரின் கண்ணிலும் பட்டது. எழும்பூரில் சிறுவர் அனாதை இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்பவர் அதனைக் கண்டு, மூத்த மாணவன் இளைய மாணவனுக்குக் கற்பிக்கும் முறையோடு சேர்த்து, 1797-இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகள் பல்லாயிரவர் சென்னை முறை என்ற பெயரில் அவ்வழியே எழுத்தறிவு பெற்றனர்.

சீகன்பால்கின் பணியைத் தொடர்ந்தவர் பெஞ்சமின் சூல்ட்சே. அவர் 1726-இல் தரங்கம்பாடியை விட்டுச் சென்னைக்கு வந்தார். கோட்டைக்கு வடக்கே, இன்று உயர்நீதிமன்றம் இருக்கும் பகுதியில், அன்று கறுப்பர் நகரம் என்று வெள்ளையர் அழைத்த குடியிருப்பு இருந்தது. நம் இராயபுரத்திலிருந்து நடந்தே போய்விடும் தூரம்தான். தரங்கம்பாடியில் கற்ற தமிழை வைத்துக்கொண்டு சென்னையில் பள்ளி தொடங்கிய சூல்ட்சே, இங்கே தெலுங்கு பேசுவோர் மிகுதி என்பதைக் கண்டார். ஆகவே அவரும் மறுபடி மாணவராகித் தெலுங்கு கற்றார்.